காப்புக் கட்டியவர்கள்

பெரியம்மா தொலைபேசியில் அதிகம் பேச மாட்டார். "வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. ஆள் கொஞ்சமாத்தான் இருக்கு. நீ வந்துருய்யா" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டார். வைத்துவிட்டார்.

கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் உள்ள ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவைத்தான் சொன்னார். என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் அது. அப்பா அங்கே பிறந்தார். நான் சுங்கைப்பட்டாணி தாமானில் பிறந்து, இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறேன். திருவிழாவுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது வேறு. காப்புக் கட்டுவது வேறு. கட்டினால் பத்து நாள் விரதம். எல்லை தாண்டக் கூடாது. என் அலுவலகமோ எல்லைக்கு அந்தப் பக்கம். போவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலேயே அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

"ஆள் கொஞ்சமாத்தான் இருக்கு" என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. ஆள் குறைந்தால் ஒரு வழிபாட்டுத் தலம் என்ன ஆகும்? பதில் பினாங்கிலேயே இருக்கிறது. மதிய உணவுக்கு நண்பர்களோடு அடிக்கடி போகும் ஒரு தெருவில்.

ஜோர்ஜ் டவுனில் நாகூர் சாலை இன்று உணவகங்கள் நிறைந்த இடம். நம் நாகூரின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையில் 1929-ல் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. பாக்தாத் வழி வந்த யூத வணிகர்கள் பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டிலேயே குடியேறியிருந்தார்கள். பக்கத்தில், முன்பு யஹூடி சாலை என்றும் இப்போது ஜாலான் சைனல் அபிடின் என்றும் அழைக்கப்படும் தெருவில், அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய கல்லறை 1835-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

யூதர்களின் மரபுவழித் தொழுகைக்கு ஒரு கணக்கு உண்டு. வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். அதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தாலும் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியாது. இறந்த தாய்தந்தைக்காகப் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் என்னும் பிரார்த்தனையும் அதில் ஒன்று. பினாங்கு யூதர்கள் போர்க்காலத்திலும் அதன் பின்னும் ஒவ்வொரு குடும்பமாக வேறு நாடுகளுக்குப் போனார்கள். பத்துப் பேர் சேராத நிலையில் 1976-ல் நாகூர் சாலைத் தொழுகைக்கூடம் மூடப்பட்டது. யாரும் அதை இடிக்கவில்லை, தடுக்கவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அன்று மதியம் அந்தக் கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டிக் காரை ஓட்டிக்கொண்டு பாலத்தை நோக்கிப் புறப்பட்டேன்.

1985-ல் திறந்த பினாங்குப் பாலத்தில் தீவிலிருந்து வெளியேறும்போது தெற்கே பச்சையாக ஒரு குட்டித்தீவு தெரியும். ஜெரேஜாக். பலருக்கு அது பழைய சிறைச்சாலைத் தீவு. அதற்கும் முன்பு, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து வந்த தமிழர்களை இறக்கி வைத்த தொற்றுத் தடுப்பு முகாம் அங்கேதான் இருந்தது. அம்மை, காலரா இல்லை என்று உறுதியான பிறகே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். இந்த மண்ணில் நம் முன்னோர் பலர் கால் வைத்த முதல் இடம் ஒரு தனிமைப்படுத்தும் முகாம். 2020-ல் அந்தச் சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொண்டது போல நாம் பேசினோம். நம் குடும்பக் கதையே அதில்தான் தொடங்குகிறது.

பாலம் கடந்து வடக்கே திரும்பினால், நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்குள் மூடா ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் செபராங் பிறை, அந்தப் பக்கம் கெடா. சாதாரண நாளில் இந்த எல்லையை யாரும் கவனிப்பதில்லை. சுங்கைப்பட்டாணியில் வீடும் பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ வேலையுமாக ஆயிரக்கணக்கானோர் தினமும் கடக்கும் ஆறு இது.

சுங்கைப்பட்டாணி, பீடோங், செமிலிங், கோலக்கெட்டில், பாடாங் செராய், லூனாஸ், கூலிம்: கெடாவில் தமிழ் கேட்கும் ஊர்களின் பெயர்கள் இவை. இந்த மாநிலத்தோடு நம் தொடர்பைக் கேட்டால் எல்லோரும் கடாரத்தையும் 1025-ல் வந்த ராஜேந்திர சோழனின் கடற்படையையும், ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கையும் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் நம் வீடுகள் வந்த வழி அதுவல்ல. 1909-ல் ஆங்கிலேயருக்கும் சயாமுக்கும் இடையிலான ஒப்பந்தத்தால் கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1915-ல் இரயில் பாதை அலோர்ஸ்டாரை எட்டியது. கங்காணிகள் ஊரூராகப் போய் ஆள் சேர்த்தார்கள்.

வந்தவர்களைக் காத்திருந்தது காய்ச்சல். காட்டை வெட்டியதும் மலையோர ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் மலேரியாவைப் பரப்பும் ஒரு கொசுவினம் செழித்தது. புதிதாகத் திறந்த தோட்டங்களில் உயிர்கள் கொத்துக் கொத்தாகப் போனது அதனால்தான். பெரட்டுக் களத்தில் டிரெஸ்ஸர் கொடுத்த கசப்பான கொய்னா மருந்தும், ஓடைகளில் எண்ணெய் அடிக்கப் போனவர்களின் கதைகளும் தோட்டத்துப் பெரியவர்கள் எல்லோரிடமும் உண்டு. 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் கடுமையாகத் தாக்கியது. ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட நம்மவர்களில் பெரும் எண்ணிக்கையினரை 1943-ல் காலரா வாரிக்கொண்டு போனது.

அதனால்தான் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன். அம்மையும் வெப்பமும் அவளுடைய பொறுப்பு என்று நம்பியவர்கள், லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லையோ சூலத்தையோ நட்டார்கள். தகரக் கூரை போட்டார்கள். பின்னாளில் காசு சேர்த்துக் கோபுரம் கட்டினார்கள். வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்து வெளியாள் உள்ளே வர மாட்டான். உள்ளவர்கள் வேறு வீட்டுக்குப் போக மாட்டார்கள். பெரியம்மை 1980-ல் உலகை விட்டே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை ஒழித்தது தடுப்பூசி. வேப்பிலையை ஊசியாக்க நான் முயலவில்லை. ஆனால் நோய் வந்தால் ஒதுங்கி இரு, அடுத்த வீட்டைக் காப்பாற்று என்கிற ஒழுக்கம் இந்தக் கோயிலைச் சுற்றி எப்போதும் இருந்தது.

காப்புக் கட்டும் அப்படித்தான். மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டியவர் கறி மீன் தொட மாட்டார். பாயில் படுப்பார். துக்க வீட்டுக்குப் போக மாட்டார். முக்கியமாக, இரவு எல்லைக்கு வெளியே தங்க மாட்டார். ஊரையும் அம்மனையும் அந்தப் பத்து நாளைக்கு ஒன்றாகக் கட்டிவைக்கும் கயிறு அது.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, எங்கள் தோட்டத்தில் பங்குனி உத்திரத்துக்கு அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி உத்திரம். எல்லா வழிபாட்டுக் கூட்டங்களுக்கும் தடை. அழைப்பிதழ்க் கட்டு அப்படியே அலமாரிக்குள் போனது. பெரியப்பா அப்போது கோயில் தலைவர். பூசாரி ஐயா மட்டும் உள்ளே போய் விளக்கேற்றினார். பெரியப்பா கேட்டுக்கு வெளியே நின்று கைத்தொலைபேசியைக் கம்பிக்குள் நீட்டி, வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்குக் காட்டினார். படம் ஆடிக்கொண்டே இருந்தது. அம்மன் முகத்தை விடப் பெரியப்பாவின் கட்டைவிரல்தான் அதிகம் தெரிந்தது. அறுபது எழுபது பேர் பார்த்தோம். ஜோகூரில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் இருப்பவர்கள், பல வருடமாகத் தோட்டப் பக்கமே வராதவர்கள் எல்லாம் அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 8-ஆம் தேதி மாலை, உலகெங்கும் யூதர்களின் பாஸ்கா பண்டிகை தொடங்கியது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைத்து, மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இரவு அது. அந்த ஆண்டு தாத்தா பாட்டிகள் தனியாக உட்கார்ந்தார்கள். பண்டிகை நாளில் மின்கருவிகளைத் தொடுவது அவர்களில் ஆசாரமானவர்களுக்கு ஆகாது. ஆனாலும் இஸ்ரேலில் ரப்பிகள் சிலர், முதியவர்களின் தனிமையைக் கருதி, கணினித் திரை வழியாகக் குடும்பத்தோடு சேரலாம் என்றார்கள். கூடாது என்று வேறு சிலர் கடுமையாக மறுத்தார்கள். பத்துப் பேர் ஒரே இடத்தில் இருப்பதுதான் மின்யான், திரையில் தெரிவது கணக்கில் வராது என்ற வாதமும் எழுந்தது. தொழுகைக்கூடங்கள் மூடியிருந்த நாட்களில், பக்கத்துப் பக்கத்துப் பால்கனிகளில் நின்று ஒருவர் குரலை ஒருவர் கேட்டுத் தொழுதவர்களும் உண்டு.

அதைச் செய்தியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற பெரியப்பாவின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது. திரையில் பார்த்தது தரிசனமா இல்லையா என்று எங்கள் குழுவிலும் ஒரு சண்டை நடந்தது. "சாமி எல்லா இடத்திலும் இருக்கு" என்றார் ஒரு மாமா. "அப்ப கோயில் எதுக்கு?" என்று கேட்டார் ஓர் அத்தை. யாரும் பதில் எழுதவில்லை.

2021 இன்னும் கடினம். ஜனவரியில் கட்டுப்பாடு மீண்டும் இறுகியது. மாநில எல்லைகள் அடைபட்டன. ஜனவரி 28 தைப்பூசம். கெடாவின் தைப்பூசம் என்றால் சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயிலும், இரதமும், விடிய விடியச் சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களும்தான். அந்த வருடம் காவடி இல்லை, பந்தல் இல்லை. கெடா மாநில அரசு தைப்பூசச் சிறப்பு விடுமுறையையும் ரத்து செய்தது. அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. வீதியில் எடுக்க முடியாத பால்குடத்தைப் பலர் வீட்டு வாசலில் இருந்து பூஜை அறை வரைக்கும் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அது பதினோரு அடி. அம்மா அந்தப் பதினோரு அடியையும் வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு, அழுதுகொண்டே நடந்தார்.

ஜூன், ஜூலையில் வேலை இழந்த வீடுகளின் வாசலில் வெள்ளைக்கொடி ஏறியது. உதவி தேவை என்று வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்கள் கொடியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பார்கள். திருவிழாவுக்குச் சேர்த்த காசில் பெரியப்பாவின் குழு அரிசி, மாவு, முட்டை வாங்கியது. அன்னதானத்துக்குச் சேர்த்த காசு அன்னதானத்துக்கே போனது. வாங்கியவர்கள் எல்லோரும் தமிழர்கள் அல்ல. கொடியைப் பார்த்தார்கள், இனத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் நாட்டில் ஒரே நாளில் 24,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பதிவானது. அந்த மாதத்தில் பெரியப்பா போனார்.

அலுவலகத்தில் தொற்று கண்டவர் பக்கத்தில் அமர்ந்திருந்ததால் நான் அப்போது வீட்டுத் தனிமையில் இருந்தேன். என் மணிக்கட்டில் இளஞ்சிவப்பு நிறப் பட்டை கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கக் கூடாது, வீட்டு எல்லை தாண்டக் கூடாது. அப்பாவைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர். மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் தூரத்தில். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராக மயானம். பாதுகாப்பு உடை அணிந்த அண்ணன் ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று கும்பிட்டார். நான் தொலைபேசியில் பார்த்தேன். வாய்க்கரிசி இல்லை, தோள் கொடுக்க ஆள் இல்லை. பதினாறாம் நாள் காரியம் நான்கு பேரோடு முடிந்தது. கதீஷ் சொல்லப் பத்துப் பேர் இல்லாமல் தவித்த பிள்ளைகளைப் பற்றிப் பிறகு படித்தபோது, அது எங்கோ நடந்த கதையாக எனக்குப் படவில்லை. இந்த நாட்டில் மட்டும் 36,000-க்கும் மேற்பட்டவர்களைக் கோவிட் கொண்டுபோனது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி முடியாமல் நின்றுபோன ஒரு சடங்கு இருக்கிறது.

பீடோங் தாண்டி உள்சாலையில் திரும்பினால் இப்போது செம்பனைதான். ஜெராய் மலை இடப்பக்கம் மேகத்தோடு நிற்கிறது. தோட்டத்தின் பாதியை வீட்டு மேம்பாட்டுக்கு விற்றுவிட்டார்கள். லயங்கள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். கோயில் மட்டும் அதே இடத்தில், அதே அரசமரத்தடியில்.

பெரியம்மா வெள்ளைச் சேலையில், கோயில் திண்ணையில் மஞ்சள் கிழங்குகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. உள்ளே 2020 அழைப்பிதழ்கள். "தூக்கிப் போட மனசு வரல. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு" என்று காட்டினார். காணிக்கைக் கணக்கை அவற்றின் முதுகில்தான் இப்போது எழுதுகிறார்கள்.

"எத்தன பேர் கட்டுறாங்க, பெரியம்மா?"

"ஏழு."

முன்பெல்லாம் கட்ட ஆள் வரிசையில் நிற்பார்கள். தொற்று முடிந்து, 2021 அக்டோபரில் எல்லை திறந்ததும் முதல் திருவிழாவுக்குக் கூட்டம் பொங்கியதாம். அடுத்த வருடம் பாதி. அதற்கடுத்த வருடம் அதிலும் பாதி. "தொலைபேசியில காட்டுங்கன்னு கேக்குறாங்கய்யா. பழகிருச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பூசாரி ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வேலை பினாங்கில், தங்குவது பினாங்கில், தோட்டத்து எல்லைக்குள் பத்து நாள் எப்படி இருப்பது? அவர் என்னைப் பார்த்துவிட்டு வீடுகளைப் பார்த்தார்.

"தோட்டமே இல்லையே தம்பி, எங்க இருக்கு எல்லை? கட்டுறவங்க பூரா சுங்கைப்பட்டாணி தாமான்லதான் இருக்காங்க. ஆத்தத் தாண்டாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். மூடா ஆறுதான் இப்ப எல்லை."

அந்த ஆற்றை ஒரு வருடம் சட்டம் எனக்கு எல்லையாக்கியிருந்தது. இப்போது இவர் ஆக்குகிறார்.

வெளியே வந்து அலுவலகத்தில் என் மேலாளரை அழைத்தேன். திட்டமிடல் பிரிவில் என் வேலைக்கு ஒரு மடிக்கணினி போதும் என்று தொற்றுக்காலத்தில் நிரூபித்துக் காட்டியிருந்தோம். ஒன்றரை வாரம் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டேன். காரணம் கேட்டார். சமய விரதம் என்றேன். மலாய்க்காரர், நோன்பு என்றால் என்னவென்று தெரிந்தவர். "போ, கூட்டங்களுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடு" என்றார். திரையில்தான்.

தீபாராதனை முடிந்து கயிறு கட்டும்போது வலது கையை நீட்டினேன். அன்று இளஞ்சிவப்புப் பட்டை இருந்த அதே கை. ஏழு பேர் எட்டானோம். மின்யானுக்கு இரண்டு பேர் குறைவு. நம் அம்மனுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ஒருவர் விளக்கேற்றினாலும் பூஜை பூஜைதான். ஆனால் பத்தாம் நாள் இரதம் வீதிக்கு வர வேண்டும். அதை எட்டுப் பேரால் நகர்த்த முடியாது.

இரவு சுங்கைப்பட்டாணி வீட்டில் பாயை விரித்துப் படுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள், இந்த வருடம் நேரலை உண்டா என்று. பெரியம்மாவுக்குத் தட்டச்சு செய்ய வராது. அவருடைய குரல் பதிவு ஒன்று வந்தது. ஐந்து விநாடிகூட இல்லை.

"நேர்ல வாங்கய்யா. இரதம் இழுக்க ஆள் இல்ல."